ஆர்தர் ஆஷ் புலிவார்டில் உள்ள கான்ஃபெடரசி நினைவுச் சங்கங்களின் முழு வரலாற்றையும் அரசுப் பலகையில் பொறிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
விண்ணப்பதாரர் (ரிச்மண்ட் நகரவாசி, அரசுப் பள்ளி மாணவர்களின் பெற்றோர்),
ரிச்மண்ட், வர்ஜீனியா.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
வர்ஜீனியா வரலாற்று வளத் துறை,
கென்சிங்டன் அவென்யூ, ரிச்மண்ட்.

பொருள்: லீ முகாம் முன்னாள் வீரர் சங்கம், அதன் வழிவந்த மைந்தர் சங்கம், மகளிர் சங்கம் ஆகியவற்றின் வரலாற்றை விளக்கும் அரசு வரலாற்றுப் பலகைகள் நிறுவ வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் அலுவலகத்துக்கு அருகிலேயே, ஆர்தர் ஆஷ் புலிவார்டை ஒட்டியுள்ள நிலப்பரப்பில், அமெரிக்காவிலிருந்து பிரிந்து சென்று உள்நாட்டுப் போரில் (1861–65) தோற்ற தென் மாநிலக் கூட்டமைப்பான கான்ஃபெடரசியின் நினைவைப் பேணுவதற்காக அமைந்த சங்கங்கள் 1880-களிலிருந்து இயங்கி வந்துள்ளன. இந்த நகரத்தின் தெருக்களும் சிலைகளும் இந்த மாநிலத்தின் பாடப்புத்தகங்களும் அவற்றின் கைபட்டு உருவானவை. அப்படியிருந்தும், அவை செய்தவற்றை நன்மை தீமை இரண்டும் விடாமல், அரசின் பெயரால், தெருவில் நடந்து செல்பவர் நின்று படிக்கும்படி எழுதிவைக்க வேண்டிய பணி இன்னும் நிறைவேறவில்லை. அந்தப் பணியைத் தங்கள் துறை மேற்கொள்ள வேண்டும் என்பதே இம்மனுவின் கோரிக்கை. என் குடும்பம் இங்கே குடியேறி வந்த குடும்பம். அந்தப் போரில் எந்தப் பக்கத்திலும் எங்கள் முன்னோர் யாரும் மடியவில்லை. எங்களைப் போன்றவர்களும் எங்கள் பிள்ளைகளும் இந்த ஊரின் கடந்த காலத்தை இங்குள்ள கல்வெட்டுகளிலும் பலகைகளிலும் இருந்துதான் கற்கிறோம் என்பதால், அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்பது எங்களுக்கு முக்கியமான விஷயம்.

1883-இல் ரிச்மண்டில் முன்னாள் கான்ஃபெடரேட் படைவீரர்கள் ஒன்றுகூடி, தங்கள் தளபதி ராபர்ட் இ. லீயின் பெயரில் ஆர். இ. லீ முகாம் எண் 1 என்ற சங்கத்தை ஏற்படுத்தினார்கள். கை கால் இழந்தும் வறுமையில் வாடியும் கிடந்த தங்கள் தோழர்களுக்கு ஓர் இல்லம் வேண்டும் என்பதே அவர்களுடைய முதல் கவலை. ராபின்சன் குடும்பத்தின் பண்ணை வீட்டையும் நிலத்தையும் வாங்கி, 1885-இல் அவர்கள் திறந்த வீரர் இல்லத்துக்கு, எதிர்த்துப் போரிட்ட வடபுலப் படையினரும் நன்கொடை அளித்தார்கள். அப்படைக்குத் தலைமை தாங்கிய யுலிசிஸ் கிராண்ட்டும் அவர்களில் ஒருவர். 1887-இல் அங்கே எழுந்த சிறு தேவாலயம் இன்றும் நிற்கிறது. 1941-இல் கடைசி வீரர் மறையும் வரை சுமார் 3,000 முதியவர்களுக்கு அந்த இல்லம் நிழல் தந்தது. இந்த உதவியை நான் குறைத்துப் பேச மாட்டேன். அதேபோல், 1866-லேயே ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் நினைவுச் சங்கம் அமைத்து, 1869-இல் 90 அடி உயரக் கருங்கல் பிரமிடை எழுப்பி, 1872, 1873-ஆம் ஆண்டுகளில் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் புதைந்து கிடந்த ஆயிரக்கணக்கானோரின் எச்சங்களைத் திரட்டி ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்த பெண்களின் துயரமும் உண்மையான துயரமே. மகனை இழந்த தாய் அவன் எலும்பைத் தேடிப் போவதை யார் குறை சொல்ல முடியும்?

ஆனால் சங்கங்களின் வேலை இறந்தவரை அடக்குவதோடும் முதியவரைப் பேணுவதோடும் நிற்கவில்லை. யுனைடெட் டாட்டர்ஸ் ஆஃப் த கான்ஃபெடரசி என்னும் மகளிர் சங்கம் 1894 செப்டம்பரில் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் தொடங்கியது. சன்ஸ் ஆஃப் கான்ஃபெடரேட் வெட்டரன்ஸ் என்னும் மைந்தர் சங்கம் 1896 ஜூலையில் இதே ரிச்மண்டில் பிறந்தது. போரைக் கண்டவர்கள் குறையக் குறைய, போரைப் பற்றி என்ன சொல்ல வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பை இவ்விரு சங்கங்களும் தங்கள் கையில் எடுத்துக்கொண்டன. இதில் மகளிர் சங்கத்தின் பங்கே பெரிது. 1899-இல், கான்ஃபெடரசியின் தலைவராக இருந்த ஜெஃபர்சன் டேவிஸின் நினைவுச் சின்னத்துக்கு நிதி திரட்டும் பணியை ஏற்று, 1907-இல் மானுமென்ட் அவென்யூவில் அதைத் திறந்துவைக்கும் வரை அச்சங்கம் ஓயவில்லை.

சிலைகளை விட ஆழமாகப் பதிந்தது வகுப்பறை வேலை. 1904-இல் மகளிர் சங்கம் சிறுவர்களுக்காக அச்சிட்ட வினாவிடை நூல், போர் மாநில உரிமைக்காகவே நடந்தது என்றும், அடிமைகளைப் பெரும்பாலும் அன்போடுதான் நடத்தினார்கள் என்றும் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்தது. 1911 முதல் 1916 வரை அச்சங்கத்தின் தலைமை வரலாற்றாளராக இருந்த ஜார்ஜியாவைச் சேர்ந்த மில்ட்ரெட் லூயிஸ் ரதர்ஃபோர்டு, பின்னர் பாடநூல்களை அளக்க ஒரு கோலையே வகுத்துக் கொடுத்தார்: அடிமை முறையைக் காக்கவே தெற்கு போரிட்டது என்று சொல்லும் நூலை ஒதுக்க வேண்டும், லிங்கனைப் போற்றி டேவிஸைத் தூற்றும் நூலை ஒதுக்க வேண்டும், நூலகத்தில் அப்படி ஒரு நூல் இருந்தால் அது தெற்குக்கு அநீதி இழைப்பது என்று அதன் முகப்பிலேயே எழுதிவைக்க வேண்டும். கறுப்பின மக்களைத் தாக்கிய வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானைப் புகழ்ந்து மிசிசிப்பி உறுப்பினர் ஒருவர் எழுதிய நூலைப் பள்ளிகளுக்கு ஏற்றதென்று 1910-களில் அச்சங்கம் பரிந்துரைத்ததும் ஆவணமாக உள்ளது.

அக்கோல் ஒதுக்கச் சொன்ன உண்மைக்கு வர்ஜீனியாவின் சொந்த ஏடுகளே சாட்சி. 1860 மக்கள்தொகைக் கணக்கின்படி இம்மாநிலத்தில் அடிமைப்பட்டிருந்தவர்கள் 4,90,865 பேர். வேறு எந்த மாநிலத்திலும் இத்தனை பேர் இல்லை. 1861 ஏப்ரல் 17 அன்று வர்ஜீனியா மாநாடு நிறைவேற்றிய பிரிவினைத் தீர்மானம், அடிமைகளை வைத்திருக்கும் தென் மாநிலங்கள் ஒடுக்கப்படுவதாக அதே சொற்களில் முறையிடுகிறது. கான்ஃபெடரசியின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸ், அதற்கு முந்தைய மாதம் சவானாவில் ஆற்றிய உரையில், கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்பதையே புதிய அரசின் மூலைக்கல் என்று அறிவித்தார். பிள்ளைகளுக்கு மறைத்தது இதைத்தான்.

மாநில அரசு இதில் வெறும் பார்வையாளராக இருக்கவில்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். வீரர் இல்லம் அரசின் ஆண்டு நிதியுதவியால் நடந்தது. அதன் நிலம் பின்னர் அரசிடம் வந்தது. அந்நிலத்தில் ஒரு பகுதியை அரசு மகளிர் சங்கத்துக்கு அளித்தது. 1957 நவம்பர் 11 அன்று அங்கே அச்சங்கத்தின் தலைமையகமான நினைவுக் கட்டிடம் திறந்துவைக்கப்பட்டது. அந்த ஆண்டைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். பள்ளிகளில் கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகள் சேர்ந்து படிப்பதைத் தடுக்க 1956-இல் இம்மாநிலச் சட்டமன்றம் சட்டங்களை இயற்றியிருந்தது; 1958-இல் அச்சட்டங்களின்படி பள்ளிகள் மூடப்பட்டன; பிரின்ஸ் எட்வர்டு கவுண்டியில் 1959 முதல் 1964 வரை பொதுப் பள்ளியே இல்லை. அச்சட்டங்களுக்கும் பள்ளிகள் மூடப்பட்டதற்கும் இடையில் எழுந்த அந்த வெண்ணிறக் கட்டிடம் இன்று மாநில, தேசிய வரலாற்றுப் பதிவேடுகளில் இடம்பெற்றுள்ளது. பதிவேட்டில் கட்டிடத்துக்கு இடம் தந்த அரசு, அதைக் கட்டியவர்களின் செயலைத் தெருவில் சொல்லத் தயங்கக் கூடாது.

அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். அது உண்மையல்ல. 1890 மே மாதம் லீயின் சிலை திறக்கப்பட்டபோது, ரிச்மண்ட் பிளானெட் பத்திரிகையின் ஆசிரியரும் நகரமன்ற உறுப்பினருமான ஜான் மிட்சல் அதை வெளிப்படையாக எதிர்த்தார். அதை எழுப்ப உழைத்தவன் கறுப்பன், காலம் வந்தால் அதை இறக்கவும் அவன் இருப்பான் என்று எழுதினார். 2021 செப்டம்பர் 8 அன்று அச்சிலை இறங்கியது. 1923-இல் வாஷிங்டனில் அடிமைச் செவிலித்தாய்க்குச் சிலை வைக்க மகளிர் சங்கம் முயன்றபோது, அமெரிக்க செனட் ஒப்புதல் தந்த பிறகும், மேரி சர்ச் டெரல் போன்ற கறுப்பினப் பெண்களின் எதிர்ப்பால் அது நின்றுபோனது.

மேற்கு வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஊரில் 1931-இல் நடந்ததைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். அடிமை முறையை ஒழிக்க 1859-இல் ஆயுதமேந்திய ஜான் பிரவுன் அங்கே நடத்திய தாக்குதலில் உயிரிழந்த கறுப்பினத் தொழிலாளி ஹேவர்டு ஷெப்பர்டை விசுவாசமான அடிமையின் அடையாளமாகக் காட்டி இவ்விரு சங்கங்களும் அங்கே ஒரு கல்லை நாட்டின. அவரோ அடிமையே அல்லர், சுதந்திர மனிதர். திறப்பு விழாவிலேயே, அவ்வூரிலிருந்த கறுப்பின மாணவர்களுக்கான ஸ்டோரர் கல்லூரியின் இசை ஆசிரியை பேர்ல் டாட்டன் எழுந்து, தன் தந்தை வடபுலப் படையில் போரிட்டவர் என்று கூறி மறுப்புத் தெரிவித்தார். அடுத்த ஆண்டு கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு போய்ஸ் எழுதிய மறுமொழிப் பலகையை வைக்கக் கல்லூரி நிர்வாகம் இடம் தரவில்லை. அது 2006-இல்தான் நிறுவப்பட்டது. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு தரப்பின் கல் மட்டுமே அந்த ஊரில் பேசிக்கொண்டிருந்தது. ரிச்மண்டில் அத்தகைய காத்திருப்பு தொடரக் கூடாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

நான் எதையும் அகற்றச் சொல்லவில்லை. 2020 மே மாத இறுதியில் நடந்த போராட்டத்தின்போது மகளிர் சங்கக் கட்டிடத்துக்குத் தீவைத்ததை நான் ஏற்கவில்லை; அங்கே இருக்கும் ஏடுகள் எரிந்தால், அந்தச் சங்கம் என்ன செய்தது என்பதற்கான சான்றும் சேர்ந்தே எரியும். சங்கம் மாறவே மாறாது என்று நினைப்பதற்கும் இடமில்லை. 1890-இல் ரிச்மண்ட் பெண்கள் தொடங்கிய கான்ஃபெடரேட் நினைவு இலக்கியச் சங்கம், டேவிஸ் வாழ்ந்த மாளிகையை இடிக்காமல் காப்பாற்றி 1896-இல் அருங்காட்சியகமாக்கியது. அதே அருங்காட்சியகம் பின்னாளில் அடிமை முறையை நேர்மையாகக் காட்டத் தொடங்கி, மற்றொரு நிறுவனத்துடன் இணைந்து, இன்று அமெரிக்க உள்நாட்டுப் போர் அருங்காட்சியகமாக இயங்குகிறது. வீரர் இல்லம் இருந்த நிலத்தின் கதையை, நுண்கலை அருங்காட்சியகமும் ராபின்சன் இல்லத்தில் கண்காட்சியாக வைத்திருக்கிறது. தங்கள் துறையும் இத்தகைய பணிக்குப் புதியதல்ல: நெடுஞ்சாலைக்கும் ரயில் பாதைக்கும் இரையான ஷாக்கோ ஹில் ஆப்பிரிக்கர் இடுகாட்டுக்கு 2022-இல் தேசியப் பதிவேட்டில் இடம் கிடைத்ததை இந்நகரம் நன்றியோடு நினைக்கிறது. கான்ஃபெடரேட் கல்லறைகளுக்குப் பல தலைமுறைகளாக நிதி தந்த இம்மாநிலம், ஜான் மிட்சல் உறங்கும் எவர்கிரீன் கல்லறைத் தோட்டத்துக்கும் பராமரிப்பு நிதி உண்டு என்று சட்டம் இயற்றியது 2017-இல்தான். கல்லறைகளில் திருத்தத் தொடங்கிய ஏற்றத்தாழ்வைச் சங்கங்களின் வரலாற்றிலும் திருத்துமாறு கேட்கிறேன்.

ஆகவே, 1927-இல் தொடங்கி இன்று தங்கள் துறை நடத்திவரும் வரலாற்றுப் பலகைத் திட்டத்தின் கீழ், ஆர்தர் ஆஷ் புலிவார்டில் அரசுக்கு உரிய இடத்தில், ஒன்றையொன்று அடுத்து இரண்டு பலகைகள் நிறுவ ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். ஒரு பலகையின் குறுகிய இடத்தில் இவ்வளவும் அடங்காது. முதலாவது, லீ முகாமும் வீரர் இல்லமும் தோன்றிய வரலாற்றையும் அரசு அதற்கு அளித்த நிலம், நிதி பற்றியும் கூறட்டும். இரண்டாவது, மைந்தர் சங்கமும் மகளிர் சங்கமும் சிலைகள், பாடநூல்கள் வழியாகப் பரப்பிய கருத்தையும், அடிமை முறையே போரின் காரணம் என்பதை அவை மறைத்ததையும், அதை அன்றே எதிர்த்த ரிச்மண்ட் கறுப்பின மக்களையும் பெயர் சொல்லிக் கூறட்டும். ஏற்கெனவே அப்பகுதியில் உள்ள பலகைகளின் வாசகம் இதற்குக் குறைவாக இருந்தால், அவற்றையும் திருத்த வேண்டும். வாசகத்தை இறுதி செய்யும் முன், அடிமைப்பட்டிருந்தவர்களின் வழித்தோன்றல்களையும் சங்க உறுப்பினர்களையும் வரலாற்றுப் பேராசிரியர்களையும் அழைத்துப் பொதுக் கூட்டத்தில் கருத்துக் கேட்க வேண்டும்.

வீரர் இல்லத்தின் சேர்க்கை விண்ணப்பங்கள் வர்ஜீனியா நூலகத்தில் எவரும் பார்க்கக் கிடைக்கின்றன. அதுபோலவே தம் கூட்டக் குறிப்புகளின் படிகளையும் அந்நூலகத்துக்கு அளிக்குமாறு இவ்விரு சங்கங்களுக்கும் தங்கள் துறை முறையாகக் கடிதம் எழுத வேண்டும் என்பது என் அடுத்த வேண்டுகோள். பலகைக்கான செலவை அதை முன்மொழிபவரே ஏற்க வேண்டும் என்பது திட்ட விதி. ஆயினும், நிலத்தையும் நிதியையும் தந்து இந்த வரலாற்றில் பங்கெடுத்தது மாநிலமே என்பதால், இந்த இரண்டு பலகைகளின் செலவை மாநிலமே ஏற்பது முறையாகும். அதற்கு வழியில்லையெனில், நகர மக்களிடம் நிதி திரட்டித் தர நான் முன்வருகிறேன். வரலாற்று வள வாரியத்தின் அடுத்த கூட்டத்தில் இம்மனுவை எடுத்துக்கொண்டு, அதன் முடிவை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
விண்ணப்பதாரர்
ரிச்மண்ட், வர்ஜீனியா