கடைசி ஊசியும் போட்டாச்சு, கடனைச் சொல்லிவிடுகிறேன்

போன வாரம் மார்பகப் புற்றுநோய்க்கான 18ஆவது ஊசி, அதோடு முடிந்தது. எங்கள் வடுவூர்ப் பக்கம் நேரில் நன்றி சொன்னால் "அட, இதுக்குப் போயா" என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள், அதனால் எழுதியே விடுகிறேன்.

முதலில் நர்சம்மா. ஒரு டாக்டர் வெறும் சதைக்கட்டி என்று மாத்திரை கொடுத்து அனுப்பி 4 மாதம் போயிருந்தது, வலி இல்லையே என்று நானும் விட்டிருந்தேன். "வலிக்காத கட்டியைத்தான் பார்க்கணும்" என்று வாசலில் வந்து உட்கார்ந்து, தஞ்சாவூருக்குப் பஸ் ஏற்றிவிட்டுத்தான் எழுந்தீர்கள்.

ஆபரேஷன் செய்த டாக்டரம்மாவுக்கும் நன்றி. கத்தி வைக்கும் முன் கட்டியைச் சுற்றி லிக்னோகெயின், அதாவது பல் பிடுங்கும்போது போடுவார்களே அதே மருந்து, போட்டதாகச் சொன்னீர்கள். மயக்கத்தில்தானே கிடந்தேன், மரத்துப்போக எதற்கு என்று கேட்டேன். கத்தி படும்போது புற்று செல்கள் கிளம்பிப் பரவாமல் இருக்கலாம் என்று மும்பை டாடா மருத்துவமனையின் டாக்டர் ராஜேந்திர பட்வே குழு 11 மருத்துவமனைகளில் 1,600 பெண்களிடம் சோதித்து 2023இல் வெளியிட்டதாம். 5 வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 100க்கு 90, போடாதவர்களில் 86. எனக்கு அதனால்தான் நல்லதா என்று யாராலும் சொல்ல முடியாது, இருக்கட்டும். ஆனால் அந்தச் சோதனையில் பாதிப் பேருக்குத்தான் அந்த ஊசி, அதுவும் குலுக்கல் மாதிரி விழுந்தபடி. விழாத பெண்களை நினைத்தால் எனக்கு என்னவோ செய்கிறது. அவர்கள் இல்லாமல் இந்தக் கணக்கே இல்லையே.

கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சு சிகிச்சைக்கு, எங்கள் பெரியம்மாவுக்கு அந்தக் காலத்தில் 25 நாள், எனக்கு 15. இங்கிலாந்தில் 1999இல் தொடங்கிய சோதனையில் 4,000க்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்து, 3 வாரமே போதும் என்று தெரிந்ததாம். குறுவை என்றால் என்னவென்றே அவர்களுக்குத் தெரியாது, ஆனால் அந்த 10 நாள் மிச்சமானதால்தான் நான் வரப்பில் நின்று நடவு பார்த்தேன் (நிற்கக்கூடாது என்று திட்டிய அண்ணிக்கும் நன்றி, சோறு கொண்டுவந்ததும் நீங்கள்தானே).

எனக்கு வந்தது ஹெர்-2 வகை, அதாவது அந்தப் பெயருள்ள புரதம் புற்று செல்களில் அதிகமாக இருக்கும் வகை. அதற்கான டிராஸ்டுசுமாப் ஊசி 1998இல் அமெரிக்காவில் வந்தபோது நம்மால் நினைத்தே பார்க்க முடியாத விலை. 2014 முதல் இந்தியத் தயாரிப்பும் கிடைப்பதால்தான் நம் கைக்கு எட்டியது. காப்பீட்டு அட்டைக்கு அலைந்த தம்பி, இதயத்துக்கு எக்கோ எடுக்கும் நாளெல்லாம் காத்திருப்புக் காசு வாங்காத ஆட்டோ அண்ணன், உங்கள் கணக்கு தனி. ஒரு வருஷத்தோடு நிறுத்தலாம் என்று டாக்டர் சொன்னதற்கும், 2 வருஷம் போட்டுப் பார்த்து கூடுதல் பலன் இல்லை என்று தெரியவைத்த பெண்கள் எங்கேயோ இருக்கிறார்கள். அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

அப்புறம் நர்சம்மா, வியாழக்கிழமை வீட்டில் இருங்கள். நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். கட்டி மாதிரி இருக்காம், வலிக்கவில்லையாம்.