சான்றொப்பத்துக்குச் சென்னைதான் போக வேண்டுமா?

ஐயா,

ஓமனில் ஆங்கில ஆசிரியையாகப் பணியேற்கவிருக்கும் என் மகள், தன் பட்டச் சான்றிதழ்களுக்கு மாநில அரசின் சான்றொப்பமும், அதன்மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையும் (ஆவணம் உண்மையானதென்று வெளிநாடுகளுக்கு உறுதிசெய்யும் முத்திரை) பெறுவதற்காக, கும்பகோணத்திலிருந்து இரண்டு முறை சென்னைக்கு இரவு ரயில் ஏறினாள். முதல் முறை, லேமினேட் செய்த சான்றிதழில் முத்திரை வைக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பத்திரமாக இருக்கட்டுமே என்று லேமினேட் செய்து வைத்தவன் நான்தான்.

இந்த முத்திரையை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்வதற்கான ஹேக் அப்போஸ்டில் உடன்படிக்கை இந்தியாவில் 2005-இல் நடைமுறைக்கு வந்தது. ஓமன், சவூதி போன்ற உறுப்பு நாடுகளுக்கு அந்த முத்திரை போதும்; குவைத் அதில் சேராததால் தூதரகச் சான்றொப்பமும் தேவைப்படுகிறது. இது தெரியாதவர்களிடம் முகவர்கள் இரண்டுக்கும் சேர்த்தே பணம் வாங்கிவிடுகிறார்கள். வளைகுடாவுக்குச் செல்வோர் மிகுந்த டெல்டா மாவட்டங்களுக்கு, மாநிலச் சான்றொப்பத்தையாவது தஞ்சாவூரிலேயே வழங்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

- ஒரு தந்தை, கும்பகோணம்