பிள்ளைகளின் பிணக்கில் பெரியவர்களின் பஞ்சாயத்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வகுப்பில் இரு பிள்ளைகள் காய் விட்டுக்கொண்டால், அன்று மாலையே பெற்றோர்கள் கைப்பேசியில் வழக்காடத் தொடங்கிவிடுவதைத் தொடக்கப்பள்ளி ஆசிரியை என்ற முறையில் அடிக்கடி பார்க்கிறேன். மறுநாள் பிள்ளைகள் சேர்ந்து ஓடி விளையாடுவார்கள். பெற்றோர்கள்தாம் பள்ளி வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள்.

ஆறு வயதுப் பிள்ளையிடம், அவன் எப்படி உனக்கு நண்பன் என்று கேட்டால், "பக்கத்தில் உட்காருவான், ரப்பர் தருவான்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். ரப்பர் தராத அன்று அவன் நண்பன் இல்லை. இதைச் சுயநலம் என்று கடிந்துகொள்வதில் பொருளில்லை. அருகிலிருந்து விளையாடுபவரே நண்பர் என்று தொடங்கி, தான் கேட்டதைச் செய்பவரே நண்பர் என்றாகி, ஏறத்தாழ 7 வயதுக்கும் 12 வயதுக்கும் இடையில் 'நீ விட்டுக்கொடுத்தால் நானும் விட்டுக்கொடுப்பேன்' என்னும் நிலைக்கு வந்து, அதற்கும் பிறகே நம்பிக்கை, இரகசியம் காத்தல் ஆகியவற்றை எட்டும் வளர்ச்சியாகக் குழந்தைகளின் நட்புணர்வை அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் செல்மன் விளக்கியிருக்கிறார். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வயதில் இந்தப் படிகளை ஏறுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெரியவர் சொல்லுக்குக் கட்டுப்படும் பிள்ளை, விதிகளைப் பேசி முடிவுசெய்யலாம் என்பதைத் தன் வயதொத்தவர்களோடு மோதியும் இணங்கியுமே கற்றுக்கொள்கிறது என்பது, சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே குழந்தைகளின் ஒழுக்க உணர்வு பற்றி 1932-இல் வெளியிட்ட நூலின் முக்கியமான கருத்து. "மன்னிப்புக் கேள்" என்று நாம் இருவரையும் நிறுத்திவைத்துக் கட்டளையிடும்போது, அந்தப் பயிற்சியைத்தான் பறித்துக்கொள்கிறோம். ஒரு பிள்ளை தொடர்ந்து அடிபடுவதும், திட்டமிட்டு ஒதுக்கப்படுவதும் வேறு. அங்கே பெரியவர்கள் தயங்காமல் குறுக்கிட்டாக வேண்டும்.

பள்ளி நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தெரிந்த தோழர்களுடன் பள்ளியில் சேரும் குழந்தைகளுக்குப் பள்ளி எளிதில் பிடித்துப்போகிறது என்பதை, அமெரிக்க உளவியலாளர் கேரி லாட் 1990-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அப்படியிருக்க, ஆண்டுதோறும் மதிப்பெண்ணையோ அகர வரிசையையோ மட்டும் பார்த்துப் பிரிவுகளைக் கலைத்துப் போடுவது ஏன்? ஒவ்வொரு பிள்ளையுடனும் பழைய தோழர் ஒருவராவது புதிய வகுப்புக்குச் செல்லும்படி பட்டியல் தயாரிப்பது, வகுப்பாசிரியரைக் கலந்துகொண்டால் ஒரு பிற்பகலில் முடியக்கூடிய வேலைதான்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை