கழற்றச் சொல்லும் முன் ஒருமுறை சுழற்றிப் பாருங்கள்

தனிநபர் நேரப் பந்தயங்களை நடத்தும் அமைப்பாளர்களுக்கும், புறப்படும் இடத்தில் சைக்கிள்களைச் சோதிக்கும் தொழில்நுட்ப நடுவர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற ஆண்டு ஒரு பந்தயத்தில், நான் புறப்பட இன்னும் பன்னிரண்டு நிமிடங்களே இருந்தபோது, என் பின்சக்கரத்தின் கம்பிகளை மறைக்க நானே செய்து பொருத்தியிருந்த மூடியைக் கழற்றச் சொன்னார்கள். நடுவர் குனிந்து விரல் நகத்தால் அதைத் தட்டினார். பிளாஸ்டிக் ஓசை கேட்டது. “இது மேலே பொருத்தியது, அனுமதி இல்லை” என்றார். சோதனை அதோடு முடிந்தது. எனக்கு முன்னால் நின்றவரின் கார்பன் தட்டுச் சக்கரத்தை, அதாவது கம்பி வெளியே தெரியாமல் முழுத் தட்டாகவே செய்த சக்கரத்தை, யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சாலையோரத்தில் உட்கார்ந்து திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ரிம்மில் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் பிய்த்தேன். கையெல்லாம் பசை. அந்தப் பிசுபிசுப்போடுதான் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன்.

அந்த முடிவு சரியில்லை என்று இன்றும் நினைக்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

மூடி எதற்கு என்பதிலிருந்து தொடங்கலாம். உருளும் சக்கரத்தில் தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் அசைவதே இல்லை. உச்சியில் இருக்கும் புள்ளியோ சைக்கிளின் வேகத்தைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் முன்னே பாய்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிறவரின் சக்கரத்து மேல்விளிம்பு 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்றை அறுத்துக்கொண்டு போகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், மெல்லிய ஸ்போக் கம்பிகூட மேலே வரும்போது மத்துபோலக் காற்றைக் கடைகிறது. அந்தக் கம்பிகளை இருபுறமும் மூடிவிட்டால் கடைவதற்கு ஒன்றும் இல்லை. தட்டுச் சக்கரம் செய்வதும் இதைத்தான், பிளாஸ்டிக் மூடி செய்வதும் இதைத்தான். மொத்த எதிர்ப்பில் பெரும்பங்கு ஓட்டுபவரின் உடலால் வருவது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூடி போட்டவுடன் யாரும் சாம்பியன் ஆகிவிடுவதில்லை.

ஆனாலும் சக்கரத்துக்கு மதிப்பு உண்டு. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் ஓட்ட முடியும் என்பதற்கு ஒரு சாதனை உண்டு. பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் 1972இல் மெக்சிகோ நகரில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். அதே நகரில் 1984 ஜனவரியில் இத்தாலிய வீரர் பிரான்செஸ்கோ மோசர், தட்டுச் சக்கரங்களோடு 51.151 கிலோமீட்டரை எட்டினார். வித்தியாசம் முழுவதையும் சக்கரத்தின் கணக்கில் எழுத முடியாது. சைக்கிளின் வடிவத்துக்கும் உடலைத் தயார்செய்த முறைக்கும் அதில் பங்கு இருக்கிறது. பிறகு 2000ஆம் ஆண்டில் சர்வதேச சைக்கிள் ஒன்றியம், மெர்க்ஸ் காலத்தது போன்ற சைக்கிளில் ஓட்டினால்தான் அது ஒரு மணி நேரச் சாதனை என்று விதித்தது. அந்த விதியின்கீழ் பிரிட்டிஷ் வீரர் கிறிஸ் போர்ட்மன் ஓட்டியது 49.441 கிலோமீட்டர். மெர்க்ஸைவிட வெறும் 10 மீட்டர்தான் கூடுதல். அதே போர்ட்மன் 1996இல், வேறு சைக்கிளில், உடலை வேறு விதமாக வைத்துக்கொண்டு, 56.375 கிலோமீட்டர் ஓட்டியவர். 2014இல் விதி மறுபடியும் மாறியது; தட்டுச் சக்கரம் திரும்பி வந்தது. ஒன்றியமே தன் விதியைத் திருத்திக்கொண்டிருக்கிறது என்பதற்காகத்தான் இவ்வளவையும் சொல்கிறேன். உங்கள் விதியும் மாறலாம்.

காற்றெதிர்ப்பைக் குறைப்பதற்கென்றே சைக்கிளின்மேல் எதையும் கூடுதலாகப் பொருத்தக் கூடாது என்பது ஒன்றியத்தின் விதி. தட்டு சக்கரத்தின் உடம்பாகவே இருந்தால் அது சக்கரம். கழற்றக்கூடிய மூடியாக இருந்தால் அது ஒட்டுப்போட்டது. தொழில்முறைப் போட்டிகளுக்கு அந்தக் கோடு வேண்டியிருக்கலாம். எங்காவது ஒரு கோடு போட்டுத்தானே ஆக வேண்டும். ஆனால் அந்த உயர்விலைத் தட்டுச் சக்கரங்களில் சிலவற்றைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே நம் சக்கரத்தில் இருப்பது போன்ற ஸ்போக் கம்பிகள்தான் பாரம் தாங்குகின்றன. அவற்றின்மேல் கார்பன் உறையை நிரந்தரமாக ஒட்டியிருக்கிறார்கள். அது உள்ளே போகலாம், திருகு போட்ட மூடி போகக் கூடாது என்றால், நாம் எதைச் சோதிக்கிறோம்? பசையையா? வார நாளில் வேலைக்கும் ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கும் ஒரே சக்கரத்தை வைத்து ஓட்டுகிற அமெச்சூர் வீரர்களுக்கு இந்தக் கோட்டைப் போடுவதால் ஒன்றுதான் நடக்கிறது: காசுள்ளவருக்குக் காற்று வழிவிடுகிறது, மற்றவருக்கு விடுவதில்லை.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானில் இதைத் தீர்த்துவிட்டார்கள். பின்சக்கரத்துக்கு மூடி போடலாம், முன்சக்கரத்துக்குக் கூடாது. முன்சக்கரம் ஹேண்டிலோடு சேர்ந்து திரும்புவது. பக்கக் காற்று ஒரு முழுத் தட்டின்மேல் மோதினால் சைக்கிளைத் திசைமாற்றிவிடும். பின்சக்கரம் திரும்பாது, அதன்மேல் ஓட்டுபவரின் பாரமும் அதிகம் இருக்கிறது. ஹவாயின் கோனாவில் நடக்கும் அயர்ன்மேன் என்ற நெடுந்தூர டிரையத்லானின் உலகச் சாம்பியன்ஷிப்பில் காற்றின் கடுமை கருதிப் பல ஆண்டுகள் தட்டுச் சக்கரத்துக்கே தடை இருந்தது. அது கார்பனா, பிளாஸ்டிக்கா என்று அங்கே யாரும் நகத்தால் தட்டிப் பார்க்கவில்லை. அப்படி ஒரு தடையை நீங்கள் விதித்தால் நான் வாய் திறக்க மாட்டேன்.

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. டேப்பை மட்டும் நம்பி ஒட்டிய மூடி ஒன்று ஓடும்போதே பிரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். விளிம்பு கிளம்பி ஃபிரேமில் படபடவென்று அடித்தது; பிரேக் கட்டைக்குள் சிக்குவதற்குள் அவர் நிறுத்திவிட்டார், நல்ல காலம். அதனால்தான் என் மூடியைச் செய்தபோது ஒவ்வொரு அடியிலும் அந்தப் படபட ஓசை காதில் இருந்தது. முதலில் சக்கரத்துக்குப் பெண்டு எடுத்தேன். மூடிவிட்டால் ஸ்போக் சாவி உள்ளே போகாது. மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் வட்டம் வெட்டி, விளிம்பிலிருந்து மையம்வரை ஒரு கீறல் போட்டு, கீறலின் இரு ஓரங்களையும் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் தட்டை வட்டம் ஆழமில்லாத கூம்பாகிறது. வலது புறத்தில் பல்சக்கரம் இருப்பதால் அந்தப் பக்கத்துக் கம்பிகள் நிமிர்ந்து நிற்கும். ஆகவே வலது மூடி ஏறக்குறைய தட்டையாகவும் இடது மூடி சற்றுக் குவிந்தும் இருக்க வேண்டும். இரண்டையும் கம்பிகளின் இடைவெளி வழியாக பிளாஸ்டிக் திருகுகளால் ஒன்றோடொன்று இறுக்கினேன். டேப், விளிம்பை அமுக்குவதற்கு மட்டும். பிரேக் படும் பட்டையில் மூடி ஒரு மயிரிழைகூட ஏறவில்லை. பிறகு சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சக்கரத்தைச் சுழற்றி, காதை அருகில் வைத்துக் கேட்டேன். முதல் முறை டிக் டிக் என்று சத்தம் வந்தது. வால்வுக்காக வெட்டிய துளையின் ஓரம் சற்றுக் கிளம்பி ஃபிரேமில் உரசிக்கொண்டிருந்தது. ஓரத்தைத் தேய்த்துச் சரிசெய்தேன். இரண்டாம் முறை காற்றின் மெல்லிய உறுமல் தவிர வேறு சத்தம் இல்லை.

அந்த நடுவர் சக்கரத்தை ஒருமுறை சுழற்றியிருந்தால் இதையெல்லாம் அவரும் கேட்டிருப்பார்.

நான் வேண்டுவது அதிகமில்லை. அமெச்சூர் பிரிவுகளில் பின்சக்கரத்துக்கு மட்டும் மூடியை அனுமதியுங்கள். டேப்பால் மட்டும் நிற்கும் மூடியைத் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். சக்கரத்தைச் சுழற்றுங்கள், விளிம்பை விரலால் கிளப்பிப் பாருங்கள், பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள், செயின் கம்பிகளுக்கு மிக அருகில் உள்ள பல்சக்கரத்தில் இருக்கும்போது மூடியில் உரசுகிறதா என்று கவனியுங்கள். ஒரு சைக்கிளுக்கு ஒரு நிமிடம் ஆகலாம். காற்று பலமாக இருக்கும் நாளில் தடை விதியுங்கள். ஆனால் அந்தத் தடை கார்பன் தட்டுக்கும் சேர்த்தே இருக்கட்டும். விதி எதுவானாலும் பதிவு தொடங்கும் நாளிலேயே எழுத்தில் கொடுங்கள். புறப்பட பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது திருகைத் தேடிக்கொண்டிருப்பவரால் பந்தயத்தில் மனம் வைக்க முடியாது.

அடுத்த பந்தயத்துக்கு முந்தைய நாளே என் சக்கரத்தை உங்களிடம் கொண்டுவரத் தயாராக இருக்கிறேன். திருகுகளைக் கழற்றும் சாவியும் கையில் இருக்கும். ஒரு பக்க மூடியைப் பிரித்து உள்ளே பார்த்துவிட்டு, மீண்டும் பொருத்தி, நீங்களே சுழற்றிப் பார்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பந்தயங்களில் ஓட்டும் ஒருவர்