நாலே முக்கால் மணி வெளிச்சம்

செந்தூல், கோலாலம்பூர்
8 ஏப்ரல் 2025

அன்புள்ள சவரிமுத்து,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. தங்கச்சிக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் இருவருக்கும் நிம்மதி. நடக்கச் சொல்லி அவளை அவசரப்படுத்தாதே, உன் பொறுமை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். பேரன் முதலாம் ஆண்டு சீருடையில் நிற்கும் படத்தையும் பார்த்தோம். காது அப்படியே நீதான்.

ஈஸ்டர் வரைக்குமான நாற்பது நாள் தவக்காலம் எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். வேறு யாராவது கேட்டிருந்தால் "ஏதோ போகிறது" என்று சொல்லி நழுவியிருப்பேன்.

நமக்குத்தான் 60 தாண்டியாயிற்றே. திருச்சபைச் சட்டப்படி, ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு என்கிற ஒருசந்தி 18 முதல் 59 வயது வரைதான். இறைச்சியைத் தவிர்க்கிற சுத்தபோசனத்துக்கு மட்டும் விடுதலை கிடையாது. அதோடு, சர்க்கரை மாத்திரை போடுகிறவர் பட்டினி கிடக்கக் கூடாது என்று டாக்டரும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வயிற்றை விட்டுவிட்டுத் தூக்கத்தைக் குறைப்போம் என்று தோன்றியது. விடியுமுன் எழுந்து, பைபிளில் மனம் வருந்திப் பாடுகிற தவத் திருப்பாடல்கள் ஏழையும் கிழமைக்கு ஒன்றாகப் படிப்பது: ஞாயிறு 6, திங்கள் 32, செவ்வாய் 38, புதன் 51, வியாழன் 102, வெள்ளி 130, சனி 143. ஏழு பாடல், ஏழு நாள், கணக்கு தானாக உட்கார்ந்துகொண்டது. தவக்காலம் தொடங்குகிற திருநீற்றுப் புதன் பூசையின் பதிலுரைப் பாடலும் 51 என்பதால், இது நமக்கென்றே அமைந்தது என்று ஒரு பூரிப்பு வேறு. அன்றைக்கு வாசிக்கிற நற்செய்தி மத்தேயு 6, நோன்பைப் பிறர் பார்க்கச் செய்யாதே என்பது. அதைக் கேட்டுவிட்டு, நெற்றியில் சாம்பலோடு வெளியே வந்து, வாசலிலேயே நாலு பேரிடம் என் திட்டத்தைச் சொல்லிவிட்டேன்.

சொன்னதுபோல் செய்யவும் செய்தேன். இந்த வருஷம் மார்ச் 2ஆம் தேதியே ரமலான் ஆரம்பித்துவிட்டது. நமக்குத் திருநீற்றுப் புதன் 5ஆம் தேதி. எங்கள் அடுக்களை ஜன்னலுக்கு நேர் எதிரே, பக்கத்து புளோக்கில் ஒரு மலாய்க் குடும்பம். நாலே முக்காலுக்கு அவர்கள் அடுக்களை விளக்கு எரியும். அந்த வீட்டு அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுகிறவர், சட்டியை அடுப்பில் வைக்கிற சத்தம், தூக்கக் கலக்கத்தில் சிணுங்கும் பையனை எழுப்புகிற குரல், அப்புறம் நெத்திலி பொரிகிற வாசனை. அந்த வெளிச்சம் எங்கள் சிங்க் வரைக்கும் விழும். நான் எழுந்து முகம் கழுவி, அந்த வெளிச்சத்திலேயே கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிக்க உட்காருவேன். அவர்கள் சாப்பிட்டு முடித்துத் தண்ணீர் குடிப்பதற்கும் நான் பைபிளை மூடுவதற்கும் சரியாக இருக்கும். பிறகு பக்கத்துச் சுராவ் தொழுகைக்கூடத்திலிருந்து பாங்கு. இப்படி 26 நாள். ஒரு நாள்கூடத் தவறவில்லை. மனைவியிடம் நான் அளந்த அளப்பு இருக்கிறதே, அதை நீ கேட்டிருக்க வேண்டும்.

31ஆம் தேதி ராயா, அவர்கள் நோன்புப் பெருநாள். மக்சிக் குடும்பம் முந்தின நாளே கிளந்தானுக்குக் கிளம்பிவிட்டது. ராயா காலை கண் திறந்தேன். எதிரே இருட்டு. இன்னும் நேரமாகவில்லை என்று திரும்பிப் படுத்தவன் ஏழு மணிக்கு எழுந்தேன். செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே. வியாழக்கிழமை முழிப்பு வந்தும் எழவில்லை, அது இன்னும் மோசம். அன்றைய முறை 102. கூரைமேல் தனியாக உட்கார்ந்திருக்கும் பறவையைப் பற்றிய பாடல், உனக்கும் நினைவிருக்கும். தூக்கமில்லாமல் கிடக்கிறேன் என்று அந்த ஆள் புலம்புகிறார், நான் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறேன்.

26 நாளும் என்னை எழுப்பியது என் பக்தி இல்லை, சவரி. மக்சிக் வீட்டு விளக்கு. அவர்கள் நோன்பின் முதுகில் ஏறி இலவசச் சவாரி போயிருக்கிறேன். அந்தப் பையனுக்குப் பத்து வயதுகூட இருக்காது. நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பள்ளிக்கூடம் போய் வந்தான். நான் படித்து முடித்ததும் பாலூற்றிய தே, இரண்டு பிஸ்கட். இதில் பெருமை வேறு.

வெள்ளிக்கிழமை மகள் ஈப்போவிலிருந்து வருகிற பஸ்ஸுக்காக நாலரைக்கே கீழே இறங்க வேண்டியிருந்தது. ராயா நெரிசலில் பஸ் தாமதம் என்று மெசேஜ் வந்தது. கேட்டடியில் நேப்பாளி ஜாகா, எங்கள் காவல்காரர், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், காலுக்கடியில் கொசுவர்த்தி. "அங்கிள், இன்றைக்குச் சீக்கிரமா?" என்று மலாயில் கேட்டுவிட்டு, எனக்கும் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார். ஏழு மணிக்குத்தான் மாற்று ஆள் வருவாராம். பேசுகிறபோதே கிழக்குப் பக்கம் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். அப்போதுதான் கிழமை நினைவுக்கு வந்தது. வெள்ளி, 130. விடியலுக்குக் காத்திருக்கும் காவல்காரர்களைவிட ஆவலாய் என் நெஞ்சம் காத்திருக்கிறது என்று வருமே, அதுதான். கையில் பைபிள் இல்லை. போனில் தேடி, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து முணுமுணுத்தேன். எட்டே வசனம். அவர் எதுவும் கேட்கவில்லை, கொசுவர்த்தியை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

சனி, ஞாயிறு, நேற்று, இன்று எழுந்துவிட்டேன். ஞாயிறு கணக்கில் வராது, அது ஓய்வு நாள் என்று நீ வாதாடுவாய். அந்தச் சலுகையை நான் எடுக்கப் போவதில்லை, ஒரு நாள் விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துவிட்டது. மக்சிக் ஊரிலிருந்து திரும்பியாயிற்று, ஆனால் அவர்கள் விளக்கு இப்போது ஆறு மணிக்குத்தான். நான் என் விளக்கைப் போட்டுக்கொள்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெரிய வெள்ளிக்கு சபா, சரவாக்கில் லீவு, நமக்கு ஏது? பகுதி நேரக் கணக்கு வேலைதான் என்றாலும் 17, 18 இரண்டு நாளும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். வியாழன் காலை இடிஎஸ் ரயிலில் புக்கிட் மெர்தாஜாம் வருகிறேன். அன்னம்மாள் கோயிலில் நாம் பூசை உதவிக்கு நின்ற காலத்தில், சிலுவைப்பாதையின் ஒன்பதாம் நிலையில் நீ மெழுகை என் கையில் கொட்டியது நினைவிருக்கிறதா? இந்த முறை மெழுகுவர்த்தியை நான் பிடித்துக்கொள்கிறேன். ஸ்டேஷனுக்கு மோட்டார் சைக்கிளில் வராதே, காரை எடுத்து வா. தங்கச்சிக்கு இங்கிருந்து தைல பாட்டில் மூன்று கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
ஆரோக்கியம்