குடம்புளி இனி அனுப்ப மாட்டேன்

தக்கலை
கார்த்திகை 12

மக்ளே,

போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறாளே என்று பயந்துவிடாதே. எல்லாரும் சுகம்தான். போனை எடுத்தால் உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். அப்புறம் நான் சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும். சாப்பிட்டாயா, என்ன கறி, குளிர் எப்படி என்று இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வந்தபோது மணி ஐந்து இருக்கும். இங்கே மழை விட்டு முற்றத்தில் மஞ்சள் வெயில் கிடந்தது. உன் பின்னால் ஜன்னல் கறுப்பாக இருந்தது. "லைட்டைப் போடேன்" என்றேன். "போட்டுத்தாம்மா இருக்கு, வெளியில ராத்திரி ஆயாச்சு" என்றாய். அப்புறம் ஒன்றும் பேசாமல் அழுதாய். அப்பா உடனே டிரான்ஸ்பருக்கு எழுதிக் கொடு, எனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார் என்று தொடங்கிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாவுக்கு என் கஷ்டம் உறைக்கவில்லை என்று நினைத்திருப்பாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் இருட்டுக்கணக்கு. முப்பது வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள், சும்மா இருக்க முடியுமா? அட்லஸை எடுத்துப் பார்த்தேன். நம் நாட்டுக் கடிகாரம் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. கன்னியாகுமரி 77½ டிகிரி. அசாமில் நீ இருக்கும் திப்ருகர் 95 டிகிரிக்குப் பக்கம். டிகிரிக்கு நாலு நிமிஷம் வீதம் பார்த்தால் 70 நிமிஷ வித்தியாசம். மார்கழியில் பகல் சுருங்குவதும் வடக்கே போகப் போக அதிகம். அதனால்தான் உங்களுக்கு நாலேகாலுக்கே சூரியன் விழுந்துவிடுகிறது, இங்கே ஆறு மணி வரைக்கும் நிற்கிறது. இதில் அசாம்காரர்களுக்கும் பழைய மனக்குறை உண்டு போலிருக்கிறது. அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்துக்கொண்டு வேலை நடக்கிறது, அதற்கு 'பாகான் டைம்' என்று பெயர் என்று நீதானே சொன்னாய்.

நீ எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாய்? ஏழரைக்கு. இங்கே இருந்தபோதும் ஏழரைதான். ஆனால் அங்கே ஏழரைக்கு எழுந்தால் பாதிக் காலை போயாச்சு. மிச்ச வெயிலை பேங்கில் உட்கார்ந்து தீர்த்துவிட்டு வெளியே வந்தால் இருட்டாகத்தான் இருக்கும். திப்ருகர் சூரியனுக்குக் கீழே இருந்துகொண்டு தக்கலைக் கடிகாரத்தில் வாழ்கிறாய் பிள்ளே. வீட்டுக்காரப் பாட்டி, நீ ஐதா என்று கூப்பிடுகிறவள், விடியும்போதே முற்றம் பெருக்குகிறாள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். அவள் எழும்போது நீயும் எழுந்து பார். ஒரு மாதம் பார். ஆற்றங்கரை மேட்டில் காலையில் ஜனம் நடக்கும் என்று அப்பாவும் சொன்னார்.

சரி, இப்போது என் கதைக்கு வருகிறேன். உனக்கு அரைகுறையாகத் தெரியும். முழுசாகச் சொன்னதில்லை.

1992 ஜூனில் எனக்குக் கமுதி பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் போஸ்டிங். ராமநாதபுரம் மாவட்டம். ஆர்டரைப் பார்த்ததும் உன் தாத்தா, "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்னு பயமுறுத்துவானுவ, உன்னை முதல்லயே அங்க போட்டுட்டானே" என்றார். நாம் இருப்பதோ இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர். எந்தப் பக்கம் திரும்பினாலும் வாய்க்கால், குளம், வாழை. மூன்று பஸ் மாறிப் போய் இறங்கினேன். கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக் கருவேலம். பஸ் போனதும் புழுதி அடங்கவே ஐந்து நிமிஷம் ஆயிற்று.

தொண்டை வறண்டுபோய் முதல் வீட்டுத் திண்ணையில் ஏறி, "கொஞ்சம் குடிக்க வெள்ளம் தருவீங்களா?" என்று கேட்டேன். நமக்கு அது வாயில் வருகிற வார்த்தை. அந்த அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் உள்ளே திரும்பி, "அடியே, இங்க வந்து பாருங்கடி, தண்ணியே இல்லாத ஊருல டீச்சரு வெள்ளம் கேக்குது" என்று கத்தினாள். தெருவே கூடிவிட்டது. அன்றையிலிருந்து நான் அங்கே இருந்த ஐந்து வருஷமும் எனக்குப் பேர் 'வெள்ளம் டீச்சர்'. ஸ்கூல் பிள்ளைகள்கூட முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்லும். முதல் மாதம் அழுகையாக வந்தது.

தண்ணீர் என்றால் என்னவென்று அங்கேதான் பார்த்தேன். நாலு சக்கரத் தள்ளுவண்டியில் ஆறேழு குடத்தை அடுக்கிக்கொண்டு பெண்கள் மைல்கணக்கில் போவார்கள். காய்ந்த ஊருணியில் ஆள் இறங்குகிற ஆழத்துக்கு ஊற்றுத் தோண்டி, அடியில் கசிவதைச் சிரட்டையால் கோரிக் கோரி ஒரு குடம் நிறைக்க அரை மணி நேரம். சிரட்டை என்றாலும் சிரிப்பார்கள். அவர்களுக்கு அது கொட்டாங்குச்சி. நான் ஒருநாள் அரிசி களைந்த தண்ணீரை வாசலில் வீசினேன். திண்ணை அக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டவில்லை. "அது ஆட்டுக்கு" என்றாள், அவ்வளவுதான். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

அங்கே நான் செய்த முட்டாள்தனம் ஒன்று உண்டு. ஊருக்கு வரும்போதெல்லாம் பத்துப் பன்னிரண்டு தேங்காயைச் சாக்கில் கட்டிக்கொண்டு போவேன். மூன்று பஸ்ஸிலும் கண்டக்டரிடம் சண்டை. தேங்காய் அரைத்த குழம்பு இல்லாமல் சோறு இறங்காது என்று பிடிவாதம். தேங்காய் இருக்கிற வரை வாரம் ஓடும். தீர்ந்ததும் அடுத்த பயணத்துக்கு நாள் எண்ண ஆரம்பித்துவிடுவேன். ஆள் கமுதியில், வயிறு தக்கலையில். ஐப்பசியில் ஒரு தடவை மழையில் பஸ் நின்று ஊருக்கு வர முடியவில்லை. தேங்காயும் இல்லை. அந்த அக்கா ஒரு சட்டியில் குழம்பு கொண்டுவந்து வைத்தாள். முண்டு மிளகாய், பூண்டு, புளி, நெத்திலிக் கருவாடு. தேங்காய் மருந்துக்கும் கிடையாது. காது வழியாகப் புகை வந்தது. மூன்று தடவை சோறு போட்டுத் தின்றேன்.

அந்த மிளகாய் கோலிக்குண்டு மாதிரி உருண்டையாக இருக்கும். அறுவடைக் காலத்தில் களம் களமாகக் காயப்போடுவார்கள், தரை முழுக்கச் சிவப்பு, ஊரெல்லாம் தும்மல். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததாகப் பேப்பரில் வந்தபோது, என் பிள்ளை பரீட்சையில் ஜெயித்த மாதிரி அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "உங்க ஊருக்கா?" என்றார். உங்க ஊராம்.

இதைப் படித்துவிட்டு, அம்மா அந்த ஊரோடு ஒட்டிப்போய்விட்டாள், நானும் ஒட்டிப்போக வேண்டும் என்று சொல்கிறாள் என்று எடுத்துக்கொள்ளாதே. 1997இல் டிரான்ஸ்பர் கிடைத்தபோது சந்தோஷமாகத்தான் மூட்டை கட்டினேன். வீட்டுக்கு வந்த அன்று கிணற்றில் பத்து வாளி இறைத்துத் தலையில் ஊற்றினேன். ஆனால் பதினோராவது வாளிக்குக் கை போகவில்லை. அது இன்றுவரைக்கும் உண்டு. ராத்திரி எங்காவது குழாய் சொட்டினால் எழுந்து போய் மூடாமல் தூக்கம் வராது. உனக்கு ஏழு வயதில், வாளி நிரம்பி வழிகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றாய் என்று முதுகில் ஒன்று வைத்தேன், ஞாபகம் இருக்கிறதா? நீ இரண்டு நாள் பேசவில்லை. அது உன் மேல் வந்த கோபம் இல்லை. அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

அப்பா விஷயமும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி மூன்று வருஷம் அவர் இங்கே, நான் அங்கே. ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை மூன்று பஸ் மாறி வருவார், ஞாயிறு மத்தியானம் திரும்புவார். முக்கால்வாசி நேரம் பஸ்ஸில்தான். யாருக்காவது தூரத்தில் வேலை என்றாலே அவருக்கு அந்த பஸ்தான் ஞாபகம் வரும். உனக்கு டிரான்ஸ்பர் கேட்பது பாதி உனக்காக, பாதி தன் பழைய முதுகுவலிக்காக. உன்னை நாகர்கோவிலில் விவேக் எக்ஸ்பிரஸில் ஏற்றிக் கூடவே வந்தாரே, நாட்டிலேயே அதிக தூரம் ஓடுகிற ரயில், 4,100 கிலோமீட்டருக்கு மேல். திரும்பி வந்து இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சாயா குடிக்கும்போது, "அதுக்கு அப்புறம் ரயில் போகாது, அதான் கடைசி" என்றார். அவருக்கு நீ கடைசி ஸ்டேஷனில் இருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த முனையில் ஏறினால் அந்த முனையில் நீ. நடுவில் வண்டி மாற வேண்டாம். கமுதிக்கு மூன்று பஸ்.

டிரான்ஸ்பர் வேண்டுமென்றால் எழுதிக் கொடு. தடுக்க மாட்டேன். மேனேஜர் எரிந்து விழுகிறார், கவுன்டரில் நிற்பவர்கள் சொல்வது பாதி புரியவில்லை என்பதெல்லாம் நிஜமான கஷ்டம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இருட்டாக இருக்கிறது என்று எழுதாதே, அப்பா சொன்னார் என்று எழுதாதே. மழையில் துணி காயவில்லை என்று ஜூனிலிருந்து புலம்பினாய், இப்போது காய்கிறது. குளிரும் தை கடைசியில் இறங்கிவிடும். ஒரு சுற்று முழுசாக வரட்டும். பொங்கலுக்கு லீவு கிடைக்காது என்றாயே, அதே நாளில்தான் அங்கே மாக் பிஹு பண்டிகை. வயலில் வைக்கோல் குடில் கட்டி விடியற்காலையில் கொளுத்துவார்களாம், ஐதா உன்னைக் கூப்பிட்டிருக்கிறாள். போ. ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போட்டுக்கொண்டு போ. சித்திரை விஷுவுக்காவது வா என்று சொல்லலாம் என்றால் அதற்கும் அங்கே பிஹு, மாட்டைக் குளிப்பாட்டுகிற பிஹு. நாம் எந்த நாளைப் பார்த்தாலும் அவர்களும் அதே நாளைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

ஐதாவை எனக்குப் பிடித்துவிட்டது. முதல் நாள் அவள் "தாமுல், தாமுல்" என்று கேட்க, நீ "ஆமா, தமிழ்தான், தமிழ்தான்" என்று தலையாட்ட, அவள் வெற்றிலையும் பச்சைப் பாக்கும் மடித்து உன் வாயில் திணித்து, நீ வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்த கதையை நான் இந்தத் தெருவில் சொல்லாத வீடு இல்லை. வெள்ளம் டீச்சருக்குப் பிறந்த பிள்ளை வேறு எப்படி இருக்கும்? 1950 ஆகஸ்ட் 15இல் வந்த பெரிய பூகம்பத்தில் பிரம்மபுத்திராவின் அடி மேடேறி, ஆறு கரையை அறுத்து, அவள் பிறந்த வீடு இருந்த தெருவே தண்ணீருக்குள் போய்விட்டது என்று சொன்னாளாமே. ஊரைவிட்டு எங்கும் போகாதவளுக்கே ஊர் போய்விட்டிருக்கிறது. அவளிடம் அதையெல்லாம் நிறையக் கேட்டுக்கொள். எண்பது வயசு.

அப்புறம் இரண்டு சமாசாரம். தேங்காய் எண்ணெய் கெட்டுப்போய் வெள்ளையாகக் கட்டிவிட்டது, கொட்டப்போகிறேன் என்று மெசேஜ் போட்டாயே, கொட்டிவிடாதே. குளிருக்கு உறைந்திருக்கிறது, அவ்வளவுதான். இங்கே உறைந்து நீ பார்த்ததில்லை. பாட்டிலைக் கொஞ்ச நேரம் வெந்நீரில் வை, இல்லையென்றால் வாயகன்ற டப்பாவில் மாற்றி ஸ்பூனால் எடு.

இரண்டாவது, நீ அனுப்பிய போட்டோ. சந்தையில் வாங்கியது, கறுத்துச் சுருண்டு செருப்புத் தோல் மாதிரி இருக்கிறது, புளிக்கிறது, என்னவென்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். தேக்கேரா என்று ஐதா சொன்னாளாம். போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தேன். மக்ளே, அது நம் குடம்புளிக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. இரண்டும் ஒரே இனத்து மரம், கார்சீனியா. இங்கே மீன்கறிச் சட்டியில் கிடப்பது அங்கே அவர்கள் மீன்சாற்றில் கிடக்கிறது. நான் ஒவ்வொரு மாதமும் அரைக் கிலோ குடம்புளியை மூன்று கவர் போட்டுச் சுற்றி கூரியரில் அனுப்பிக்கொண்டிருக்கிறேன், அது உன் தெருமுனையில் விற்கிறது! நானும் அதே தேங்காய்ச் சாக்கைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன். இனி குடம்புளி அனுப்ப மாட்டேன். நேந்திரங்காய் சிப்ஸ் மட்டும் வரும், அதுவும் ஐதாவுக்கு.

ஆற்றுமீனில் மண்வாடை அடிக்கிறது என்று மூக்கைச் சுளிக்காதே. கடல்மீன் தின்று வளர்ந்த நாக்குக்கு அப்படித்தான் இருக்கும். அதற்குத்தான் அந்தப் புளி. எவ்வளவு நேரம் ஊறப்போட வேண்டும், மீன் வெந்த பிறகா முன்னாலா என்று ஐதாவிடம் கேட்டு எனக்கு எழுது. அடுத்த தடவை யாராவது அந்த ரயிலில் இந்தப் பக்கம் வந்தால் பத்துத் துண்டு கொடுத்து விடு. சாளையில் போட்டுப் பார்க்க வேண்டும். அப்பாவிடம் சொல்லாமல் வைத்துக் கொடுத்து, கண்டுபிடிக்கிறாரா பார்க்கிறேன்.

அம்மா