பூஜ்யம் வேறு, தெரியாதது வேறு: எங்கள் ஊர் மின்சாரத்தைக் கணிக்கும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

எங்கள் வீட்டு மீட்டர்களிலிருந்து வரும் தரவுகளை ஆராய்ந்து, எவ்வளவு மின்சாரம் தேவைப்படும் என்று கணிக்கும் கணினி மாதிரிகள் செய்யும் பொறியாளர்களே, அந்தக் கணிப்பைப் பார்த்து முடிவெடுக்கும் அதிகாரிகளே, வணக்கம்.

நான் ஒரு செம்பனை ஆலையில் 31 ஆண்டுகள் வேலை செய்து, ஆலையின் மின்சாரத்தைப் பார்த்துக்கொள்ளும் சார்ஜ்மேனாக ஓய்வு பெற்றவன். கொதிகலனுக்கும் டர்பைனுக்கும் நடுவில் எங்களுக்கு ஒரு மேசை உண்டு. அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய தடித்த நோட்டு ஒன்று எப்போதும் திறந்தே கிடக்கும். நீராவி அழுத்தம், வோல்ட், ஆம்பியர், டர்பைன் சுமை என்று மணிக்கு ஒருமுறை எழுதுவோம். நீங்கள் தரவு என்கிறீர்கள், நாங்கள் ரீடிங் என்போம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். ஓர் இரவு அழுத்தம் காட்டும் கேஜ் பழுதாகி, முள் அடியில் போய் ஒட்டிக்கொண்டது. நான் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதிவிட்டேன். விடியற்காலையில் மூத்த என்ஜின் டிரைவர் நோட்டைப் புரட்டினார். "என்னப்பா, பாய்லர் அணைஞ்சு போச்சா?" என்றார். "இல்லண்ணே." "அப்புறம் ஏன் பூஜ்யம் போட்டே?" என் பேனாவையே வாங்கி அந்தப் பூஜ்யத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் 'மீட்டர் ரோசாக்', அதாவது மீட்டர் பழுது, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பூஜ்யம் என்றால் அளந்து பார்த்தோம், ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அளக்க முடியவில்லை என்பது வேறு சங்கதி. இரண்டையும் ஒன்றாக எழுதினால் நாளைக்கு அந்த நோட்டைப் படிப்பவன் ஏமாந்து போவான் என்றார்.

நான் உங்களிடம் சொல்ல வந்ததும் இதுதான். எங்கள் ஊரிலிருந்து உங்களுக்கு வரும் எண்களில் பல, அந்த இரவு நான் எழுதிய பூஜ்யத்தைப் போன்றவை.

நான் உங்கள் வேலைக்கு எதிரி இல்லை. மின்சாரத்தைக் குடத்தில் பிடித்து வைக்க முடியாது. எடுக்கும் அளவுக்கு அந்த நொடியே உற்பத்தி செய்தாக வேண்டும், இல்லையென்றால் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலைவெண், அதாவது நொடிக்கு 50 துடிப்பு, இடம் விட்டு நகரும். ஆலையில் நாங்களும் கணித்தோம். பழக்குலைகளை அவிக்கும் ஸ்டெரிலைசருக்குள் நீராவியைத் திறந்துவிட்டால் கொதிகலன் அழுத்தம் மளமளவென்று இறங்கும். அதைத் தெரிந்து, திறப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே பழத்தின் நாரையும் கொட்டை ஓட்டையும் கூடுதலாக அடுப்பில் தள்ளச் சொல்வார் அந்த டிரைவர். அவர் காதாலும் அனுபவத்தாலும் செய்ததை, இன்று உங்கள் மாதிரி வெப்பநிலை, கிழமை, நேற்றைய சுமை, போன வாரத்து இதே நேரத்துச் சுமை என்று ஆயிரக்கணக்கான வரிசைகளைப் படித்துச் செய்கிறது. கூரைக்குக் கூரை சூரியத் தகடு ஏறும் காலத்தில், ஒரு மேகம் கடந்தால் எவ்வளவு குறையும் என்று கணக்கிட இது இல்லாமல் முடியாது.

மின்தடை என்றால் என்ன என்பதும் எனக்குத் தெரியும். 1996 ஆகஸ்ட் 3, சனிக்கிழமை. திரங்கானுவின் பாக்கா மின் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மின்தடம் துண்டிக்கப்பட, நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று, மாலைக்குள் தீபகற்பமே இருண்டது. அன்று நான் ஷிப்டில் இருந்தேன். ஆலை தன் நாரையும் ஓட்டையும் எரித்துத் தனக்கான மின்சாரத்தைத் தானே எடுத்துக்கொண்டதால் எங்கள் விளக்கு மட்டும் எரிந்தது. சுற்று வட்டாரத்தில் வேறு வெளிச்சம் கிடையாது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து பெண்கள் கைக்குழந்தைகளோடு ஆலை வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். பெரிய கட்டமைப்பைக் காப்பாற்றும் எந்தக் கணிப்பையும் நான் இரு கை கூப்பி வரவேற்பேன்.

ஆனால் அந்தக் கணிப்பு எதைப் படித்து வளர்கிறது? என் மனத்தை அரிப்பது அந்தக் கேள்விதான்.

ஊருக்கு ஓரமாக, மின்கம்பி முடிகிற இடத்தில் மலிவு விலை வீடுகள் ஒரு வரிசை. தோட்டம் விற்கப்பட்டபோது வெளியேறியவர்கள் பலர் அங்கேதான் இருக்கிறார்கள். என் அக்காவும் அங்கேதான். மாலை ஏழு மணிக்கு அந்தக் கடைசி எட்டு வீடுகளில் காற்றாடி சுற்றுவதை நீங்கள் பார்க்க வேண்டும். இறக்கைகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிடலாம். குழல்விளக்கு பிடிக்கலாமா வேண்டாமா என்று துடித்துக்கொண்டே இருக்கும். என் மல்டிமீட்டரை வைத்துப் பதினைந்து நாள் அளந்தேன். பெரும்பாலான மாலைகளில் 205 முதல் 210 வோல்ட் வரைதான். 2008 முதல் நம் நாட்டில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். பத்து விழுக்காடு ஏறலாம், ஆறு விழுக்காடு இறங்கலாம். அப்படிப் பார்த்தால் 216-க்குக் கீழே போகவே கூடாது.

அந்த வரிசைப் பெண்கள் இதற்கு ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். ஆறரைக்கு முதல் இரண்டு வீட்டில் ரைஸ் குக்கர், அது முடிந்ததும் சுவரைத் தட்டுவார்கள், அடுத்த வீட்டில் போடுவார்கள். துவைக்கும் இயந்திரத்தை யாரும் மாலையில் தொடுவதில்லை. ஒரு வீட்டில் மகன் சம்பளத்தில் வாங்கிய குளிர்சாதனக் கருவி, போட்டால் தெருவே மங்குகிறது என்று துணி போர்த்திக் கிடக்கிறது.

இப்போது உங்கள் திரையில் இந்த எட்டு வீடுகள் எப்படித் தெரியும்? குறைந்த பயன்பாடு, உச்ச நேரத்தில்கூட ஏற்றம் இல்லை, வளர்ச்சி இல்லை. இங்கே மின்மாற்றியை மாற்றத் தேவையில்லை, கம்பியைத் தடிப்பாக்கத் தேவையில்லை என்று மாதிரி சொல்லும். நல்ல கம்பி உள்ள வீடமைப்புப் பகுதியான தாமானில் சுமை ஏறிக்கொண்டே போவதால் பணம் அங்கே போகும். அடுத்த ஆண்டு அங்கே இன்னும் ஏறும், இங்கே அப்படியே இருக்கும், மாதிரி தன் கணிப்பு பலித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். இந்த மக்கள் மின்சாரம் வேண்டாம் என்று சொல்லவில்லையே! கிடைக்காததால் பயன்படுத்தவில்லை. கிடைக்காததைத் தேவையில்லை என்று பதிவு செய்வதும், பழுதான கேஜைப் பார்த்துப் பூஜ்யம் எழுதுவதும் ஒன்றுதான்.

மின்தடையும் அப்படித்தான். மழைக்காலத்தில் இடி இறங்கி இரண்டு மணி நேரம் மின்சாரம் போனால், மீட்டர் பதியும் அந்த நான்கு அரைமணிக் கட்டங்களிலும் பயன்பாடு சுழியம் என்று இருந்தால், அதை அப்படியே மாதிரியின் பயிற்சிக்குக் கொடுத்துவிடாதீர்கள். தடை என்று குறி போட்டுத் தனியே எடுத்து வையுங்கள். ஸ்மார்ட் மீட்டர் மின்னழுத்தத்தையும் அளக்கக்கூடியது. யூனிட்டை மட்டும் படித்துவிட்டு வோல்ட்டைப் படிக்காமல் விடுவது ஏன்? எந்தக் கம்பியின் நுனியில், எந்த மணியில், 216-க்குக் கீழே எத்தனை முறை இறங்கியது என்று ஒரு கணக்கு எடுத்தால் போதும். அதற்குக் கணினி தரவைப் பார்த்துத் தானே கற்கும் இயந்திரக் கற்றல்கூட வேண்டாம். சாதாரண வடிகட்டல் போதும்.

அடுத்தது என் அக்கா கதை. போன ஆண்டு குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டு, மூன்று மாதம் கிள்ளானில் மகன் வீட்டில் இருந்தார். இங்கே குளிர்பெட்டிகூட ஓடவில்லை. திரும்பி வந்த இரண்டாவது வாரம் மீட்டரைச் சோதிக்க இரண்டு பேர் வந்து நின்றார்கள். பயன்பாடு திடீரென்று விழுந்ததால் கணினி சந்தேகப் பட்டியலில் போட்டிருக்கிறது. வந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் 'மீட்டரில் கை வைத்திருக்கிறார்களா என்று பார்க்கணும்' என்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அக்கா உள்ளே போய் ஒரு மைலோ டின்னைத் தூக்கி வந்தார். 1998 முதல் கட்டிய பில்கள் அத்தனையும் ஆண்டு வாரியாக ரப்பர் போட்டுச் சுற்றி அதில் இருந்தன. தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டாகப் பிரித்து, "இங்க பாருங்க தம்பி, ஒரு மாசம்கூட பாக்கி வச்சதில்ல" என்று காட்டிக்கொண்டே இருந்தார். இருபத்தைந்து ஆண்டு பால்மரம் சீவிய கை. அது நடுங்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. போய்விட்டார்கள். "ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டீர்களா?" என்று அவர்களில் ஒருவரிடம் கேட்டேன். பழுதோ திருட்டோ இருந்தால்தான் விவரம் நிரப்ப வேண்டும் என்றார். அப்படியானால் அக்கா வீட்டில் தவறு இல்லை என்ற செய்தி உங்கள் மாதிரிக்குப் போய்ச் சேரவே இல்லை. அது தன் பிழையிலிருந்து எப்படிக் கற்கும்?

கடைவீடுகளில் பிட்காயின் எடுக்க மீட்டரைத் தாண்டி மின்சாரம் இழுப்பவர்களைப் பிடிக்க வேண்டும்தான். ஆனால் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். பத்தாயிரம் வீட்டில் இருபது பேர் திருடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதிரி அதில் பதினெட்டுப் பேரைப் பிடிக்கிறது. மற்றவர்களில் நூற்றுக்கு இரண்டு பேரை மட்டும் தவறாகச் சந்தேகிக்கிறது. கேட்க நல்ல மாதிரி போல இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு விழுக்காடு என்பது ஏறத்தாழ 200 வீடு. பன்னிரண்டு கதவைத் தட்டினால் பதினொன்றில் என் அக்கா போன்ற ஒருவர் நிற்பார். மின்மாற்றியிலிருந்து வெளியேறிய யூனிட்டையும் அதன்கீழ் உள்ள மீட்டர்கள் காட்டும் மொத்தத்தையும் முதலில் ஒப்பிடுங்கள். கம்பியில் இயல்பாக வீணாவதைத் தாண்டி அங்கே வித்தியாசம் இல்லையென்றால் திருட்டுக்கு இடமில்லை. அப்புறமும் சந்தேகம் என்றால் ஆள் அனுப்புவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு, 'வீட்டில் ஆள் இருந்தீர்களா?' என்று தமிழிலோ மலாயிலோ ஒரு கேள்வி. அவ்வளவு போதும்.

தோட்டத்துக்குள் இன்னும் இருக்கும் லயங்களைப் பற்றி. தோட்டம் முழுவதற்கும் ஒரே பெரிய மீட்டர் இருக்கும் இடங்களில், உள்ளே எத்தனை குடும்பம் என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை. இன்று அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். தொழிலாளர் குடியிருப்புகளுக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டம் போதுமான மின்சாரம் தரச் சொல்கிறது. போதுமா என்று தெரிந்துகொள்ள உங்கள் தரவில் ஒரு வரிகூட இல்லை. வெள்ளீயச் சுரங்கங்களுக்காகப் பேராக் ஆற்றில் செண்டரோ அணையைக் கட்டிய காலத்திலிருந்து மின்சாரம் எங்களுக்கு அருகிலேயே பிறக்கிறது. ஆனால் நான் பிறந்த லயத்தில் தோட்டத்து ஜெனரேட்டர் இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். படித்த பாடம் பாதியில் நிற்கும். அந்தக் காலம் எந்த நோட்டிலும் பதிவாகவில்லை. இன்று இருப்பவர்களாவது பதிவாகட்டும்.

நாட்காட்டியையும் கொஞ்சம் பாருங்கள். நோன்புப் பெருநாள் ஆண்டுக்குப் பதினொரு நாள் அளவில் முன்னே வருகிறது. தீபாவளி அக்டோபரிலும் வரும், நவம்பரிலும் வரும். அன்று விடியற்காலை மூன்று மணிக்கே எங்கள் தெருவில் எல்லா விளக்கும் எரியும், எண்ணெய்க் குளியலுக்குச் சுடுதண்ணீர் போடுவார்கள். மூன்று ஆண்டுத் தரவில் தீபாவளி மூன்றே தடவைதான் இருக்கும். அதைப் பிழை என்று தூக்கி எறியாதீர்கள்.

2025 ஜூலை முதல் புதிய கட்டணத்தில், நேரத்துக்கேற்ற விலையைத் தேர்ந்தெடுத்த வீடுகளுக்கு வார நாளில் பகல் இரண்டு முதல் இரவு பத்து வரை உச்ச நேரம். பத்துக்குமேல் துவையுங்கள் என்று செயலி அறிவுரை சொல்லலாம். விடியலில் தோட்டத்து ஆள்கணக்கான பெரட்டுக்குப் போகிறவர் ஒன்பதரைக்கே தூங்கிவிடுவார். அறிவுரை சொல்வதற்கு முன் அவர் எப்போது எழுகிறார் என்று பாருங்கள், அது உங்கள் தரவிலேயே இருக்கிறது. அதே தரவு, எந்த வீட்டில் வயதானவர் தனியாக இருக்கிறார், எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதையும் காட்டிக்கொடுக்கும். யார் கையில் இருக்கிறது, எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்பதை எங்களுக்குப் புரியும் மொழியில் பில்லின் பின்பக்கம் அச்சிடுங்கள்.

பதினைந்து நாள் நான் அளந்த வோல்ட் கணக்கு ஒரு பள்ளிக்கூட நோட்டில் இருக்கிறது. தேதி, மணி, எந்த வீட்டு பிளக், எல்லாம் எழுதியிருக்கிறேன். மழையால் அளக்க முடியாத இரண்டு நாளைக்கு 'அளக்கவில்லை' என்றே போட்டிருக்கிறேன். உங்கள் குழுவில் ஒருவர் வந்தால் நோட்டைக் கொடுத்துவிடுவேன், மீட்டர் பதிவோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். பகலில் எப்போது வந்தாலும் வீட்டில்தான் இருப்பேன். ஆனால் மாலை ஏழு மணிக்கு வந்தீர்கள் என்றால் அக்கா வீட்டு வரிசைக்கே கூட்டிப் போகிறேன். காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து ஒரு தேநீர் குடித்துவிட்டுப் பேசலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைச் சார்ஜ்மேன் ஒருவர்